காலி செல்லை விட்டுவிட்டு மற்றதை ஒன்றுசேர்ப்பது: கேள்வி பதில்

விரிதாளில் நாலைந்து செல்களில் இருப்பதை ஒரே செல்லுக்குள் கொண்டுவர வேண்டும். நடுவில் காலியாக இருக்கும் செல்லுக்காக ஒரு வெறும் கமா வந்து நிற்கக் கூடாது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே இதைச் சுற்றித்தான். ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். செல்லில் தட்டும்போது ஃபங்ஷன் பெயரையும் ட்ரூ, டிடி-எம்எம் போன்றவற்றையும் ஏ, பி, சி என்ற நெடுவரிசை எழுத்துகளையும் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. ஏ முதல் டி வரை நான்கு நெடுவரிசைகளில் நிறங்கள் இருக்கின்றன. & குறி போட்டு நடுவில் கமா வைத்துச் சேர்த்தேன். சில வரிசைகளில் "சிவப்பு, , நீலம், " என்று வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: & குறி சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். நீங்கள் மூன்று கமா வைத்தால் மூன்றும் வரும். பக்கத்தில் வார்த்தை இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. இதற்கென்றே உள்ள ஃபங்ஷன் டெக்ஸ்ட்ஜாயின்:

=டெக்ஸ்ட்ஜாயின்(", ",ட்ரூ,ஏ2:டி2)

முதலில் இருப்பது நடுவே வர வேண்டிய குறி. இரண்டாவதாக உள்ள ட்ரூ, "காலியாக இருந்தால் தாண்டிப் போ" என்கிறது. அதை ஃபால்ஸ் என்று மாற்றிப் பாருங்கள், பழைய கமாக்கள் திரும்ப வந்துவிடும். மூன்றாவது, எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பது. உங்கள் வரிசைக்கு "சிவப்பு, நீலம்" என்று சுத்தமாக வரும். கான்கேட் என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. எக்செல்லில் அதுவும் ஏ2:டி2 என்ற வீச்சை, அதாவது ஏ2 முதல் டி2 வரையுள்ள செல்களை, வாங்கிக்கொள்ளும், ஆனால் நடுவில் எந்தக் குறியும் வைக்காது. அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மேடம், டெக்ஸ்ட்ஜாயின் போட்டால் #நேம்? என்று பிழை வருகிறது. எழுத்துப் பிழை இல்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன்.

பதில்: உங்கள் எக்செல் பழையதாக இருக்க வேண்டும். இந்த ஃபங்ஷன் எக்செல் 2019-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் சந்தா முறையில் வரும் 365-இலும்தான் உண்டு. கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் 2016-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆகவே கட்டணமில்லாத வழி ஏற்கெனவே உங்கள் கையில் உண்டு.

பழைய எக்செல்லிலேயே செய்தாக வேண்டும் என்றால், கேட்பவர்களுக்கு இணையத்தில் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை இது: எல்லாவற்றையும் ஸ்பேஸ் வைத்துச் சேர், ட்ரிம் போட்டுக் கூடுதல் ஸ்பேஸை நீக்கு, பிறகு மிச்சமுள்ள ஸ்பேஸை எல்லாம் கமாவாக மாற்று. ஒற்றை வார்த்தைகளுக்கு இது சரி. செல்லுக்குள் "வெளிர் நீலம்" என்று இருந்தால் "வெளிர், நீலம்" என்று உடைந்துவிடும். ஆயிரம் வரிசைகளில் அது எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. இப்படிச் செய்யுங்கள்:

=மிட்(இஃப்(ஏ2="","",", "&ஏ2)&இஃப்(பி2="","",", "&பி2)&இஃப்(சி2="","",", "&சி2),3,999)

இதில் உள்ள யோசனையைப் பிடித்துக்கொண்டால் எங்கும் பயன்படும். கமாவை இரண்டு செல்லுக்கு நடுவில் இருப்பதாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு மதிப்பும் தன் கமாவைத் தானே முன்னால் சுமந்துகொண்டு வருகிறது. மதிப்பு இல்லையென்றால் கமாவும் இல்லை. ஏ2-இல் சிவப்பு, பி2 காலி, சி2-இல் நீலம் என்றால் உள்ளே உருவாவது ", சிவப்பு, நீலம்". ஆரம்பத்தில் ஒரு கமாவும் ஒரு ஸ்பேஸும் மட்டும் மிச்சம், அதாவது இரண்டு எழுத்து. மூன்றாவது எழுத்திலிருந்து எடு என்று மிட் சொல்கிறது. ஸ்பேஸ் இல்லாமல் வெறும் கமா வைத்தால் 3-க்குப் பதில் 2. " | " போல மூன்றெழுத்துக் குறி என்றால் 4. கடைசியில் உள்ள 999, அதற்குள் முழுதும் அடங்கிவிடும் என்பதற்காகத்தான். நீளமான குறிப்புகள் என்றால் பெரிய எண் போடுங்கள்.

கேள்வி: எனக்கு டெக்ஸ்ட்ஜாயினே ", " என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஏற்க மறுக்கிறது. புதிய எக்செல்தான்.

பதில்: கணினியின் வட்டார அமைப்பில் பட்டியல் பிரிக்கும் குறி அரைப்புள்ளியாக இருக்கலாம். மேற்கோளுக்குள் உள்ள கமாவை அப்படியே விட்டுவிட்டு, ஃபங்ஷனுக்குள் ஒவ்வொன்றையும் பிரிக்கும் கமாவை மட்டும் ; என்று மாற்றிப் பாருங்கள். மேற்கோள் குறியும் நேரான குறியாக இருக்க வேண்டும். வேர்டிலிருந்தோ செய்தியிலிருந்தோ காப்பி செய்தால் வளைந்த குறி வந்துவிடும், விரிதாளுக்கு அது புரியாது.

கேள்வி: அக்கா, ட்ரூதான் போட்டிருக்கிறேன். ஆனாலும் இருபது, முப்பது வரிசைகளில் ", ," வருகிறது. அந்த செல்களைச் சொடுக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஃபங்ஷனில் கோளாறா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். ஃபங்ஷன் சரியாகத்தான் வேலை செய்கிறது. கண்ணுக்குக் காலி, கணினிக்குக் காலி இல்லை.

சந்தேகமுள்ள ஒரு செல்லைப் பிடித்து, பக்கத்தில் =லென்(பி7) என்று போடுங்கள். 0 வந்தால் அது காலி. 1 வந்தால் உள்ளே ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் ஸ்பேஸ். யாரோ அழிப்பதற்கு டெலீட் பட்டனை அழுத்தாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார்கள். அல்லது வேறு மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்தபோதே வந்திருக்கும். இதற்கு மருந்து:

=டெக்ஸ்ட்ஜாயின்(", ",ட்ரூ,ட்ரிம்(ஏ2:டி2))

எக்செல் 2019-இலும் கால்க்கிலும் இதை முடிக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கூகுள் ஷீட்ஸில் ட்ரிம்மை அரேஃபார்முலா( ) என்பதற்குள் வையுங்கள். 365-இல் வெறும் என்டர் போதும்.

ட்ரிம் போட்டும் போகவில்லையா? அப்படியானால் அது சாதாரண ஸ்பேஸ் இல்லை. இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்த அட்டவணைகளில் 160 என்ற எண் கொண்ட, வரி உடையாத ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வரும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எக்செல்லின் ட்ரிம் அதைத் தொடாது. =யூனிகோட்(பி7) போட்டால் 32 வருகிறதா 160 வருகிறதா என்று தெரிந்துவிடும். 160 என்றால் முதலில் அதைச் சாதாரண ஸ்பேஸாக மாற்றி, பிறகு ட்ரிம் செய்யுங்கள்:

=டெக்ஸ்ட்ஜாயின்(", ",ட்ரூ,ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(ஏ2:டி2,யூனிசார்(160)," ")))

ஒரு முகவரிப் பட்டியலில் இதே 160-உடன் நான் அரைநாள் போராடியிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக லென் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

கேள்வி: ஒரு சந்தேகம். செல்லில் இஃப் ஃபார்முலா இருந்து, அது "" என்று திருப்பினால் அதையும் தாண்டுமா?

பதில்: தாண்டும். டெக்ஸ்ட்ஜாயினுக்கு உண்மையான காலி செல்லும் "" என்ற வெற்றுச் சரமும் ஒன்றுதான். ஆனால் ஈஸ்பிளாங்க் அப்படி இல்லை. ஃபார்முலா இருக்கும் செல்லை அது காலி என்று ஒப்புக்கொள்ளாது. அதனால் காலியா என்று சோதிக்க ஈஸ்பிளாங்கை விட =ஏ2="" நம்பகமானது.

கேள்வி: சார் / மேடம், இன்னொரு ஷீட்டிலிருந்து வீலுக்கப் மூலம் எடுத்த செல்களைச் சேர்க்கிறேன். செல்லில் ஒன்றும் தெரியவில்லை, சேர்த்த பிறகு நடுவில் 0 வருகிறது.

பதில்: எக்செல்லில் வீலுக்கப் ஒரு காலி செல்லைக் கண்டால் 0 என்று திருப்பும். உங்கள் ஷீட்டில் பூஜ்யங்களைக் காட்டாதே என்ற அமைப்பு போட்டிருப்பார்கள், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. எடுக்கும் இடத்திலேயே, வீலுக்கப் ஃபார்முலாவின் கடைசியில் &"" சேர்த்துவிடுங்கள்; காலி காலியாகவே வரும். தேதியோ கணக்குப் போட வேண்டிய எண்ணோ இருக்கும் நெடுவரிசையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும்.

"0 இருந்தால் தாண்டு" என்று இஃப் எழுதும் வழியும் உண்டு. அதற்கு முன் யோசியுங்கள்: தேர்வில் 0 வாங்கியவரும் தேர்வுக்கே வராதவரும் ஒன்றா? உங்கள் பட்டியலில் 0 என்பதற்கு அர்த்தம் இருந்தால் அந்த வழி தகவலைத் தின்றுவிடும்.

கேள்வி: பெயர், ஊர், சேர்ந்த தேதி மூன்றையும் சேர்த்தேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45292 என்று வருகிறது!

பதில்: பயப்பட வேண்டாம், அது 2024 ஜனவரி 1-ஆம் தேதிதான். விரிதாள் தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. தேதி மாதிரி தெரிவது செல்லின் மேல்பூச்சு. எக்செல்லில் சேர்க்கும்போது பூச்சு கழன்று எண் மட்டும் வருகிறது. எண்களுக்கும் இதே கதைதான்: 007 என்று தெரியும்படி வடிவமைத்திருந்தால் 7 என்று வரும்.

டெக்ஸ்ட் ஃபங்ஷனால் வடிவத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆனால் தேதி காலியாக இருந்தால் எக்செல் "00-01-1900" என்று ஒரு பொய்த் தேதியைத் தரும், அதனால் இஃப் கட்டாயம்:

=டெக்ஸ்ட்ஜாயின்(", ",ட்ரூ,ஏ2:பி2,இஃப்(சி2="","",டெக்ஸ்ட்(சி2,"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்")))

வீச்சையும் தனிச் செல்லையும் இப்படி ஒரே ஃபார்முலாவில் கலக்கலாம்.

கேள்வி: கமாவுக்குப் பதில் ஒவ்வொன்றும் அடுத்த வரியில் வர வேண்டும். உறை மேல் ஒட்டும் முகவரிக்கு.

பதில்: முதல் இடத்தில் ", " என்பதற்குப் பதிலாக சார்(10) போடுங்கள். சி, ஹெச், ஏ, ஆர் என்ற நான்கெழுத்து ஃபங்ஷன் அது. மேற்கோள் குறி வேண்டாம். பிறகு அந்த செல்லுக்கு ராப் டெக்ஸ்ட் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு தெரியும்.

கேள்வி: நான் நான்கு செல்களையும் தேர்வு செய்து மெர்ஜ் பட்டனை அழுத்தினேன். முதல் செல்லில் இருந்தது மட்டும் நிற்கிறது. மற்றது எங்கே போயிற்று?

பதில்: போயே போய்விட்டது. உடனே கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள். மெர்ஜ் என்பது கட்டங்களின் சுவரை இடிக்கும் வேலை. மேல் ஓரத்து முதல் செல்லில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். எக்செல் எச்சரிக்கைப் பெட்டி காட்டும், ஆனால் வேகத்தில் எல்லாரும் ஓகே அழுத்திவிடுகிறோம். தகவல் உள்ள இடத்தில் மெர்ஜே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது எல்லாவற்றுக்கும் பின்னால் அது இடைஞ்சல்.

கேள்வி: தோழர், கூகுள் ஷீட்ஸில் படிவம் வழியாகப் புதுப்புது வரிசை வந்துகொண்டே இருக்கிறது. ஃபார்முலாவை ஒவ்வொரு முறையும் கீழே இழுக்க முடியவில்லை. அரேஃபார்முலா போட்டால் எல்லா வரிசையும் ஒரே செல்லுக்குள் விழுகிறது.

பதில்: ஆம், டெக்ஸ்ட்ஜாயின் கொடுத்த வீச்சு முழுவதையும் ஒன்றாக்கிவிடும். வரிசை வரிசையாகப் பிரித்துக் கொடுக்க பைரோ (பி, ஒய், ஆர், ஓ, டபிள்யூ) என்ற ஃபங்ஷன் இருக்கிறது:

=பைரோ(ஏ2:டி,லாம்டா(ஆர்,டெக்ஸ்ட்ஜாயின்(", ",ட்ரூ,ஆர்)))

இதை இரண்டாம் வரிசையில் ஒரே ஒரு முறை போட்டால் போதும். அந்த நெடுவரிசையில் கீழே வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது. எக்செல் 365-இலும் பைரோ உண்டு. அங்கே ஏ2:டி500 என்று முடிவு சொல்லுங்கள்.

கேள்வி: ஏ நெடுவரிசையில் குழு, பி-யில் உறுப்பினர் பெயர். எஃப்2-இல் குழுவின் பெயரைக் கொடுத்தால் அந்தக் குழுவினர் மட்டும் ஒரே செல்லில் வர வேண்டும்.

பதில்: =டெக்ஸ்ட்ஜாயின்(", ",ட்ரூ,இஃப்(ஏ2:ஏ200=எஃப்2,பி2:பி200&"",""))

மற்ற குழுவினர் "" ஆகிவிடுவார்கள், ட்ரூ அவர்களைத் தாண்டிவிடும். காலிகளைத் தாண்டும் குணத்தையே வடிகட்டியாகப் பயன்படுத்துகிறோம். எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் இது. பி-க்குப் பின்னால் உள்ள &"", பெயர் எழுதாத செல் 0 ஆக உள்ளே புகாமல் இருக்க. எக்செல் 2019-இலும் கால்க்கிலும் இதற்கும் மூன்று பட்டன் அழுத்த வேண்டும், ஷீட்ஸில் அரேஃபார்முலா. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், யூனிக் உள்ள பதிப்புகளில் இஃப் பகுதி முழுவதையும் யூனிக்( ) என்பதற்குள் போடுங்கள். எக்செல்லில் ஒரு செல் 32,767 எழுத்துகள்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் #வேல்யூ! வரும்.

கேள்வி: எல்லாம் சரியாக வந்தது அக்கா. பழைய நான்கு நெடுவரிசைகளும் இனி வேண்டாம் என்று அழித்தேன். சேர்த்தது முழுக்க #ரெஃப்! ஆகிவிட்டது.

பதில்: கன்ட்ரோல் இசட் முதலில். இப்போது சேர்த்த நெடுவரிசையைக் காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் ஒட்டுங்கள். ஃபார்முலா போய் வெறும் எழுத்து நிற்கும், அதன் பிறகு அழிக்கலாம். ஆனாலும் அழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சேர்த்ததை மறுபடி பிரிக்கும்போது "சிவப்பு, நீலம்" என்பதில் நீலம் இரண்டாம் நெடுவரிசையில் இருந்ததா மூன்றிலா என்று யாராலும் சொல்ல முடியாது. வலது சொடுக்கி ஹைடு கொடுத்துவிடுங்கள், அது போதும்.