மண் மாதிரி தயாரிப்பு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: வயல் மண்ணை ஆய்வுக்கு எப்படித் தயார் செய்வது?

நிழலில், சுத்தமான பிளாஸ்டிக் தட்டில் மெல்லிசாகப் பரப்பி உலரவிடுங்கள். வேர், சருகைப் பொறுக்கிவிட்டு, கட்டிகளை மரச்சுத்தியால் உடைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். உடைக்க வேண்டியது மண்கட்டியை, சரளைக்கல்லை அல்ல. கல்லை நொறுக்கினால், வேருக்கு எட்டாமல் உள்ளே கிடந்த தாதுவும் கணக்கில் ஏறிவிடும். சல்லடையில் நின்ற கல்லை எடைபோட்டுக் குறித்துக்கொண்டால் போதும். மண் மிஞ்சினால் நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளி, மீதியைக் கலந்து, அரை கிலோ வரும்வரை இப்படியே செய்யுங்கள். அப்புறம், உரச்சாக்கில் கட்டாதீர்கள்.

கேள்வி: மழைக்காலம். ஓவனில் 105 டிகிரியில் வைக்கலாமா?

ஈரப்பதம் பார்க்க மட்டும், அதற்கென எடுத்த கொஞ்சம் மண்ணை வைக்கலாம். சத்துப் பார்க்கும் மண்ணைச் சுட்டால் பொட்டாசியம், மாங்கனீசு அளவுகள் மாறிவிடும். மின்விசிறி போடுங்கள்.

கேள்வி: வெயிலில் காயவைத்தால்?

நிழல் என்றேனே.

கேள்வி: 80 டிகிரி ஓவன்?

மேலே பாருங்கள்.

கேள்வி: இருபது வருடமாகப் பித்தளைச் சல்லடைதான். என்ன கெட்டுப்போச்சு?

பாஸ்பரசும் பொட்டாசியமும் மட்டும் பார்த்தால் ஒன்றும் கெடாது. ஆனால் பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும். மண்ணில் துத்தநாகம் போதுமா போதாதா என்ற எல்லையே கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பக்கத்தில்தான் இருக்கிறது. துளி உதிர்ந்தாலும் பற்றாக்குறை மறைந்துபோகும். நைலான் சல்லடை வாங்குங்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியும் வேண்டாம்.

கேள்வி: (அவரே) புதுச் சல்லடைதான் உதிரும். பழசு உதிராது.

தேய்ந்த கம்பி எங்கே போயிற்று, சார்? மண்ணில்தானே! சரி, வாதம் வேண்டாம். அமிலத்தில் கழுவி உலர்த்திய குவார்ட்சு மணலில் பாதியை உங்கள் சல்லடையில் சலித்து, மீதியைச் சலிக்காமல், இரண்டிலும் துத்தநாகம் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கேள்வி: நைட்ரேட் பார்க்கவும் உலர்த்தணுமா?

வேண்டாம். ஈரமாகவே ஐஸ் பெட்டியில் வைத்து, உடனே கொண்டுபோங்கள். தாமதித்தால் நுண்ணுயிர்கள் அளவை மாற்றிவிடும்.

கேள்வி: எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனுக்கு?

மண்ணில் என்னென்ன தாது இருக்கிறது என்று எக்ஸ்ரே கதிரால் பார்க்கும் ஆய்வுதானே? களிமண் தாதுக்களைப் பார்க்க 2 மைக்ரானுக்குக் குறைவான களித்துகளைத் தனியே பிரிக்க வேண்டும். நிலவியல்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: நேற்றே யூரியா சாக்கில் கட்டி அனுப்பிவிட்டேன். தழைச்சத்து சரியாக வருமா?

மறுபடி மண் எடுங்கள்.