வலிப்பு வந்தவருக்கு முதலுதவி: சிஸ்டர் பதில்கள்

காரைக்குடிப் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். முதலுதவி மட்டும் கேளுங்கள்.

பள்ளத்தூர்: கல்யாண வீட்டில், ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு பையன் விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. நாலு பேர் அழுத்திப் பிடித்தோம். சரிதானா சிஸ்டர்?

பிடிக்கக் கூடாது, தோள்மூட்டு விலகலாம். அந்தத் தரை பார்க்க அழகு, மண்டைக்கு ஆகாது. துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வையுங்கள். குத்துவிளக்கு, நாற்காலியை நகர்த்துங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். ஒருவர் கடிகாரத்தையே பார்க்கட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ, வாழ்க்கையில் முதல் தடவை என்றாலோ, மூச்சு சீராகவில்லை என்றாலோ 108. வாயில் எதையும் வைக்காதீர்கள்.

கண்டனூர்: நாக்கைக் கடிக்காமல் இருக்க ஸ்பூன்?

கடித்த நாக்கு ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. வாயில் எதையும் வைக்காதீர்கள்.

தேவகோட்டை: எங்கள் ஐயாவுக்குப் பெரிய வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்ததும் நின்றது. கண்ணால் பார்த்தேன்.

பார்த்தது நிஜம்தான் அண்ணே. ஆனால் நடந்ததை வரிசையாக நினைத்துப் பாருங்கள். ஐயா விழுந்தார், யாரோ சத்தம் போட்டார்கள், இரண்டாங்கட்டுக்கு ஓடிச் சாவியை எடுத்து வந்து, இறுகிய விரல்களைப் பிரித்துச் செருகினீர்கள். அதற்குள் இரண்டு நிமிடம் போயிருக்கும். நிற்கிற நேரத்துக்குச் சாவி வந்தது, பேர் இரும்புக்குப் போயிற்று. மூளையில் மின்னோட்டம் தாறுமாறாவதால் வருவது வலிப்பு. உள்ளங்கையில் இருக்கும் இரும்பு அதை என்ன செய்யும்?

தேவகோட்டை: கொடுத்தால் கெடுதல் இல்லையே?

உண்டு. வெட்டி இழுக்கிற கையில் சாண் நீள இரும்பு இருந்தால் அவர் முகத்திலேயே அடிபடும். எல்லாரும் சாவியைப் பார்ப்பார்கள், கடிகாரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

புதுவயல்: குறுக்கே பேசுகிறேன். எங்கள் அப்பத்தா கூட்டத்தைக் கலைக்கத்தான் “சாவியைத் தேடுங்கடா” என்பார்.

உங்கள் அப்பத்தாவை எனக்குப் பிடித்துவிட்டது! சிலருக்குச் சிறுநீர் போயிருக்கும். ஊரே சுற்றி நிற்க விழித்தால் எப்படி இருக்கும்? மேலே ஒரு துண்டைப் போடுங்கள். ஆனால் தேடப் போனவர் சாவியோடு திரும்பக் கூடாது.

தேவகோட்டை: அப்போ பெரியவர்கள் முட்டாள்களா?

அப்படிச் சொல்லவில்லை அண்ணே. அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்களே, அது சரியான வைத்தியம். சாவியை மட்டும் விடுங்கள்.

கொத்தமங்கலம்: மூன்று வயதுப் பேரனுக்குக் காய்ச்சலில் வந்தது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சல் வலிப்பு வரலாம் ஆச்சி. பெரும்பாலும் பயமில்லை, ஆனால் முதல் தடவை வந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பச்சைத் தண்ணீரில் முக்காதீர்கள். வெட்டும்போது மருந்து புகட்டாதீர்கள்.

கானாடுகாத்தான்: மருமகள் ஏழு மாதம். அவளுக்கு வந்தால்?

ஐந்து நிமிடம் பார்க்காதீர்கள், உடனே 108. பிரஷர் ஏறி வருகிற வலிப்பாக இருக்கலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

கோட்டையூர்: ஊருணியில் குளிக்கும்போது வந்தால்?

முகத்தைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடியுங்கள், வெட்டு அடங்கியதும் கரையேற்றுங்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள். தெளிந்து பேசினாலும் ஆஸ்பத்திரி. நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம்.

காரைக்குடி: வெங்காயம், செருப்பு முகர வைக்கலாமா?

வேண்டாம்.

கண்டனூர்: மரக்கரண்டி என்றால்?

மேலே ஸ்பூனுக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி.

புதுவயல்: வலிப்பு இருந்தால் கல்யாணம் செல்லாதாமே?

பழைய கதை. 1999 திருத்தத்தில் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். மீதியை வக்கீலிடம் கேளுங்கள்.

குன்றக்குடி: எனக்கே வலிப்பு உண்டு. பழனிக்கு நடக்கலாமா?

டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தூக்கம் கெடுவதும் மாத்திரை விடுபடுவதும்தான் பெரிய தூண்டல். இராத்திரி முழுக்க நடக்காதீர்கள். மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒன்று கூட வருபவரிடம் இருக்கட்டும்.