ரெண்டாவது தடவை புடிச்சா புடிக்கும்

அண்ணா வணக்கம். கொடுங்கையூர்ல இருந்து எழுதுறேன், பேர் போடாதீங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒரு எம்டிபி, அதான் மலைப்பாதைல ஓட்ற சைக்கிள், வாங்கி ஒரு வருஷமா ஓட்றேன், மாசம் ஒரு தடவை பசங்களோட ஏலகிரி போவோம். ஓட்டும்போதே சீட்ட ஏத்தி எறக்குற தண்டு, டிராப்பர் சீட் போஸ்ட்னு ஒண்ணு ஆன்லைன்ல 3,200 ரூபாய்க்கு வருது, பேர் தெரியாத கம்பெனி. நல்ல பிராண்டுன்னா 14,000 சொல்றாங்க. டூப்ளிகேட் போட்டா மானம் போயிடும்னு குரூப்ல சிரிக்கிறாங்க. ஓவர்டைம் காசு கைல இருக்கு, வாங்கலாமா வேணாமா? வண்டி மத்தபடி ஓகே, பின் பிரேக் மட்டும் கொஞ்சம் லூசு, ரெண்டாவது தடவை புடிச்சா புடிக்கும், பழகிடுச்சு.

தம்பி,

உன் கடிதம் வந்த அன்னைக்குத்தான் வியாசர்பாடி வீட்ல பெரியப்பாவோட டூல்ஸ் பொட்டிய கழுவிக்கினு இருந்தேன். அடியில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அது நெறைய காட்டர் பின், துரு ஏறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு. அதை கைல வெச்சிக்கினுதான் உன் கடிதத்த படிச்சேன். அதான் இவ்ளோ நீளமா பதில் எழுதுறேன், பொறுமையா படி.

முதல்ல குரூப்ல சிரிக்கிறாங்கன்ற கதைய விடு. அதை இன்னொரு தடவை எனக்கு எழுதாத. எம்.கே.பி. நகர்ல எங்க பெரியப்பா வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தாரு, 14 வண்டி. ராட்டன் பஜார்ல போய் பேரில்லாத காட்டர் பின்னதான் கிலோ கணக்குல வாங்கியாருவாரு. பெடல் தண்ட அச்சோட சேத்து புடிக்கிற ஆணி அது, ஒரு பக்கம் சப்பையா இருக்கும், அரத்துல ராவி சுத்தியால தட்டி ஏத்தணும். மட்டமான இரும்புதான், சீக்கிரம் நசுங்கிடும். ஆனா நசுங்கறதுக்கு முன்னாடி சத்தம் குடுக்கும், மிதிக்கிற ஒவ்வொரு சுத்துக்கும் டக்கு டக்குனு. பசங்க வண்டிய கொண்டாந்து வுட்டா வேற ஒண்ணு தட்டி ஏத்துவாரு, சில்லறை காசுல முடிஞ்சிடும். "இது சொல்லிட்டு சாவுறதுடா, இதுக்கு ஏன் காச கொட்டணும்"பாரு. ஆனா பிரேக் கட்டை மட்டும் கடையிலேயே ஒசத்தியானத கேட்டு வாங்குவாரு. அதுல ஒரு ரூபா கொறைக்க மாட்டாரு.

இப்ப உன் டிராப்பருக்கு வரேன். லிவர அமுக்கிக்கினு உக்காந்தா சீட் எறங்கும், எழுந்து திரும்ப அமுக்குனா காத்தழுத்தத்துல மேல வரும். உள்ள சீட்ட தூக்கி நிறுத்துற உருளை, கார்ட்ரிட்ஜ்னுவாங்க, அது கெட்டா சீட் மெதுவா எறங்கிக்கினே போவும், இல்ல பாதில நின்னுடும். எரிச்சல்தான், முட்டி வலியோட வீட்டுக்கு வந்துடலாம், உயிர் போவாது. அதுவும் சொல்லிட்டு சாவுற ஜாதிதான். சொல்லாம போறது ரெண்டு இருக்கு: சீட்ட புடிக்கிற மேல் போல்டு, அப்புறம் குழாயே. விக்கிறவன்கிட்ட கார்ட்ரிட்ஜ் தனியா கெடைக்குமான்னு கேளு, கெடைக்காதுன்னா வாங்காத. வந்ததும் மேல் போல்டு ரெண்டையும் கழட்டி நல்லதா மாத்திடு, கொஞ்ச காசுதான் ஆவும். குழாய்ல இவ்ளோவாவது உள்ள போவணும்னு ஒரு கோடு போட்டிருப்பான், அது ஃபிரேமுக்குள்ள போயே ஆவணும், வெளிய தெரிஞ்சா ஒரு நாள் ஒடியும். இப்ப உன் வண்டில இருக்க போஸ்ட்டுலயே சைஸ் அடிச்சிருக்கும், 27.2, 30.9, 31.6னு. 30.9க்கும் 31.6க்கும் வித்தியாசம் 0.7 மில்லிமீட்டர்தானேன்னு தட்டி ஏத்த பாக்காத. போஸ்ட்ட ஃபிரேமோட இறுக்குற கிளாம்ப்ப ரொம்ப முறுக்குனா உள்ள நசுங்கி சீட் சிக்கிக்கும். பக்கவாட்டுல லேசா ஆடுதேன்னு பயப்படாத, 14,000 ரூபா போஸ்ட்டும் லேசா ஆடும். எடை, கலர் பத்தி எல்லாம் எனக்கு பேச ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, ஏலகிரி உச்சியில வண்டிய நிறுத்தி டீ குடிக்கிற நேரத்துல ஆலன் கீ போட்டு சீட்ட கைல எறக்கலாம், காசே வேணாம். அதை எவனும் கேக்க மாட்டீங்க.

இவ்ளோதான் உன் கேள்விக்கு. இனிமே நான் சொல்றதுதான் முக்கியம்.

சீட்டு ஏன் எறக்குற? உடம்பு தாழ்வா, பின்னாடி போனா ஹேண்டில் பார் மேல குப்புற விழ மாட்ட, அந்த தைரியத்துல வேகமா எறங்குவ. ஆக நீ 3,200 ரூபா குடுத்து வாங்க போறது வேகத்தத்தான் தம்பி. அந்த வேகத்த நிறுத்த வேண்டிய பிரேக்க பத்தி கடைசியில ஒரே வரி எழுதிட்டு "பழகிடுச்சு"ன்ற. எதுடா பழகிடுச்சு?

1991ல எனக்கு 13 வயசு. கடையில ஒரு வண்டிக்கு பின் பிரேக் கட்டை தேஞ்சிருந்துச்சு, அதை எடுக்காதடான்னு பெரியப்பா ஓரமா சாய்ச்சு வெச்சிருந்தாரு, நான் எடுத்துக்கினு போய்ட்டேன். எனக்கும் அந்த பிரேக் பழகிதான் இருந்துச்சு, ரெண்டு தடவை அமுக்குனா நிக்கும்னு தெரியும். கேரியர்ல பக்கத்து வூட்டு பையன். நம்ம ஏரியால ஏது மலை, எறக்கம்னா கணேசபுரம் சப்வேதான், வியாசர்பாடி பக்கத்துல இருந்து மிதிக்காம வுட்டேன், காத்து காதுல அடிக்குது, அவன் பின்னாடி கத்திக்கினு வரான். கீழ ஒரு மீன்பாடி வண்டி குறுக்க திரும்புச்சு. முதல் தடவை புடிச்சேன், ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவை புடிக்கிறதுக்கு எடம் இல்ல தம்பி. முன் பிரேக்க இறுக்கிட்டேன், வண்டி தூக்கி அடிச்சுது, எனக்கு மோவாய்ல ரெண்டு தையல், அவனுக்கு முழங்கை. ஸ்டான்லி ஆஸ்பத்திரில கட்டு போட்டாங்க, எலும்பு கூடுச்சு, ஆனா கை முழுசா நீட்ட வரல. இன்னைக்கும் அவன் சட்டை போடும்போது இடது கைய முதல்ல நுழைச்சிக்கினு அப்புறம்தான் வலது கைய நுழைக்கிறான், நான் அதை பாக்காத மாதிரி வேற பக்கம் திரும்பிக்குவேன்.

பெரியப்பா என்ன அடிக்கல. அன்னைக்கு ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல 14 வண்டிக்கும் பிரேக் கட்டை மாத்துனாரு, ஒரு வார்த்தை பேசல. நான் ஸ்பானர் எடுத்து குடுத்துக்கினு நின்னேன்.

உன்னுது ஹைட்ராலிக் டிஸ்க்குன்னு வெச்சிக்கோ, ஆயில் அழுத்தத்துல புடிக்கிற பிரேக். ரெண்டாவது தடவை புடிச்சா புடிக்குதுன்னா டிஸ்க்க அழுத்திப் புடிக்கிற பேட் தேஞ்சிருக்கணும், இல்ல லைன்ல காத்து ஏறியிருக்கணும். ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும், அதான் முதல் அமுக்கு வீணா போவுது. ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் புடிச்சு புடிச்சு எறங்குனா சூடேறும், சூட்டுல நெலம இன்னும் மோசமாவும், லிவர் கைப்புடியோட வந்து ஒட்டும். பேட்ட மாத்து, காத்த வெளியேத்தி பிளீட் பண்ணு, தெரியலன்னா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடு. ஷிமானோ கம்பெனி பிரேக்குன்னா மினரல் ஆயில்தான் ஊத்தணும், மோட்டார் பைக் கடையில கெடைக்குற டாட் பிரேக் ஆயில ஊத்துனா உள்ள ரப்பர் சீல் ஊதி நாசமாயிடும், மறந்துடாத.

ஓவர்டைம் காசு எப்படி வருதுன்னு எனக்கு தெரியும், எங்க வூட்லயும் நைட் ஷிஃப்ட் போன ஆளுங்க உண்டு. அதுல முதல் பங்கு பிரேக்குக்கு. மிச்சத்துல அந்த பேரில்லாத போஸ்ட்ட தாராளமா வாங்கு, நான் சொன்ன போல்ட மாத்திட்டு.

இந்த மாசம் ஏலகிரி போறதுக்கு முன்னாடி பின் பிரேக்க ஒரே ஒரு தடவை புடிச்சிக்கினு வண்டிய முன்னாடி தள்ளிப் பாரு. சக்கரம் சுத்துச்சுன்னா, எறங்கும்போது வண்டிய பஸ் மேலயோ வேன்லயோ ஏத்திக்கினு எறங்கு.