ஜப்பானிய மொழியில் ஸொஷிதெ, ஸொரெனி, ஷிகமொ, ஸொனொ உஎ எல்லாமே ‘மேலும்’ தானா? எங்கே எதைப் போடுவது?

என்3 (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் நடுநிலை) தேர்வுக்குப் படிக்கிறேன், அகராதியில் எல்லாவற்றுக்கும் ‘மேலும்’, ‘அத்துடன்’ என்றே போட்டிருக்கிறது, எப்படிப் பிரித்தறிவது என்பது உங்கள் கேள்வி. எல்லாம் ஒன்றல்ல. நம்மில் பலர் இவற்றை ஆங்கிலம் வழியாகப் படிப்பதால்தான் குழப்பம் வருகிறது. ‘அண்ட்’, ‘மொரோவர்’ என்று மனத்தில் பதித்துக்கொண்டால் ஏழெட்டுச் சொற்கள் ஒரே மூட்டைக்குள் போய்விடும். தமிழ் வழியாக வந்தால் பெரும்பாலானவை தாமாகவே பிரிந்து நிற்கும்.

(எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். க, த, ப ஆகியவற்றின் வன்மை மென்மையைத் தமிழ் எழுத்து காட்டாது. ஹிரகனா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

முதலில், இணைப்புச் சொல் தேவையே இல்லாத இடம். “ஸ்டேஷனுக்குப் போய், டிக்கெட் வாங்கி, ரயில் ஏறினேன்” என்று சொல்ல நமக்கு ‘மற்றும்’ வேண்டியதில்லை. போய், வாங்கி என்ற வினையெச்சமே போதும். ஜப்பானியத்திலும் அப்படியே: “எகி நி இத்தெ, கிப்பு வொ கத்தெ, தென்ஷ நி நொத்த.” சொல்லுக்குச் சொல் அதே வரிசை, அதே எச்சம். இதை மூன்று வாக்கியமாக உடைத்து இரண்டு ‘ஸொஷிதெ’ போட்டு எழுதினால் சின்னப் பிள்ளையின் கட்டுரை மாதிரி இருக்கும். ‘உம்’ போல வரும் ‘தொ’ இன்னும் ஆபத்து. அது பெயர்ச்சொற்களை மட்டுமே சேர்க்கும். ‘மலிவு, ருசி’ என்று நினைத்து “யஸுஇ தொ ஒஇஷீ” என்றால், ‘மலிவாக இருந்தால் ருசியாக இருக்கும்’ என்று பொருள் மாறிவிடும். சரியானது “யஸுகுதெ ஒஇஷீ.”

அப்படியானால் ‘ஸொஷிதெ’ எங்கே? பட்டியலின் கடைசிப் பெயருக்கு முன்னால் (டோக்கியோ, ஒசாகா, ஸொஷிதெ கியோட்டோ), அல்லது வரிசையாக நடந்தவற்றின் முடிவான கட்டத்துக்கு முன்னால். ஒரு பத்தியில் ஒன்று போதும்.

‘ஸொரெகர’ என்பது அப்படியே ‘அதிலிருந்து’, அதாவது ‘அப்புறம்’. நேர வரிசைக்கும், நினைவுக்கு வந்ததைச் சேர்க்கவும் இதுதான். கடையில் “கோஹீ ஹிதொத்ஸு, ஸொரெகர கேகி ஃபுதத்ஸு” என்று சொன்னால், நாம் ‘ஒரு காபி, அப்புறம் ரெண்டு கேக்’ என்பதற்குச் சரிசமம். காரணங்களை அடுக்க இது உதவாது.

காரணம் அடுக்குவதற்கு ‘ஸொரெனி’: நம்முடைய ‘அதோடு’, ‘அதுவுமில்லாமல்’. பேச்சில் மிக இயல்பானது. ‘ஷி’ என்ற அடுக்கு விகுதியோடு கைகோத்து வரும். “யஸுஇ ஷி, ஒஇஷீ ஷி, ஸொரெனி எகி நி மொ ச்சிகஇ”: மலிவு, ருசி, அதோடு ஸ்டேஷனுக்கும் பக்கம். அந்தக் கடைக்கு ஏன் போகிறோம் என்பதற்கு ஒவ்வொன்றாக விரல் மடக்கும் தொனி. பெயர்ச்சொல் பட்டியலிலும் வரலாம்: பால், முட்டை, ஸொரெனி ரொட்டி.

‘ஷிகமொ’ விரல் மடக்குவதில்லை, புருவத்தை உயர்த்துகிறது. தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ‘மேலும்’ அல்ல, ‘அதுவும்’. “பனி பெய்தது. அதுவும் ஏப்ரலில்!” என்பதை “யுகி க ஃபுத்த. ஷிகமொ ஷிகத்ஸு நி” என்று சொல்லலாம். இங்கே ‘ஸொரெனி’ போட்டால் வாக்கியம் நிற்காது, ஏனென்றால் சேர்வது இன்னொரு செய்தி அல்ல, சொன்ன செய்தியின் மீதே ஏறும் விவரம். “யஸுகுதெ, ஷிகமொ ஒஇஷீ” என்னும்போது ‘இவ்வளவு மலிவாக இருந்தும் ருசிக்குக் குறைவில்லையே’ என்ற வியப்பு உள்ளே இருக்கிறது. “யஸுஇ. ஸொரெனி ஒஇஷீ” என்பதில் அந்த வியப்பு இல்லை, இரண்டு நல்ல குணம், அவ்வளவே. ஒரே இரண்டு பெயரடைகள், நடுவில் ஒரு சொல் மாறினால் தொனியே மாறுகிறது. இந்த இணையை மட்டும் வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். ஒன்று முக்கியம்: ‘ஷிகமொ’வுக்கு முன்னும் பின்னும் பேசப்படும் பொருள் ஒன்றாகவே இருக்க வேண்டும். ‘அவர் உயரம், ஷிகமொ அவர் தங்கை டாக்டர்’ என்று தாவ முடியாது.

‘ஸொனொ உஎ’ நமக்கென்றே செய்த சொல். ‘ஸொனொ’ என்றால் ‘அந்த’, ‘உஎ’ என்றால் ‘மேல்’. தமிழின் ‘அதற்கு மேல்’, ‘மேலும்’ ஆகியவற்றில் இருக்கும் அதே ‘மேல்’. ஒன்றன் மேல் ஒன்று ஏற்றுவது. அதனால் பின்பகுதியில் ‘மொ’ (உம்), அல்லது ‘மதெ’ (வரை, கூட) அடிக்கடி வரும். விருந்து போட்டார்கள், “ஸொனொ உஎ, ஒமியகெ மதெ மொரத்த”, அதற்கு மேல் ஊர்ப்பரிசு வேறு கிடைத்தது. ‘ஸொரெனி’யை விடக் கொஞ்சம் எழுத்து நடை, ஆனால் பேச்சில் உறுத்தாது.

இதையே வாக்கியத்தின் நடுவில் ‘உஎ நி’ என்று போடலாம்: “அதம க இதஇ உஎ நி, நெத்ஸு மொ அரு”, தலைவலியோடு காய்ச்சலும். வினைக்கும் ‘இ’ பெயரடைக்கும் (யஸுஇ போல ‘இ’யில் முடிவது) சாதாரண வடிவம் அப்படியே வரும். பெயருக்கு முன்னால் ‘ந’ ஏற்கும் ‘ந’ பெயரடைக்கு ‘ந’ சேர வேண்டும் (ஷின்ஸெத்ஸு ந உஎ நி: அன்பானவர் என்பதோடு). பெயர்ச்சொல்லுக்கு ‘நொ’ அல்லது ‘தெ அரு’. தேர்வில் இந்த ஒட்டில்தான் மதிப்பெண் போகும். ‘உஎ நி’யையும் ‘உஎ தெ’யையும் கலந்துவிடாதீர்கள். இறந்தகால வினைக்குப் பின் வரும் ‘உஎ தெ’ என்பது ‘செய்துவிட்டு, அதை வைத்து’ என்ற பொருள்: கலந்து பேசிவிட்டு முடிவு செய்வது போல.

‘ஒமகெனி’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஏனென்றால் ‘ஒமகெ’ என்றால் கடைக்காரர் தரும் கொசுறு. ஆனால் கூடுதலாக வந்து சேர்வது பெரும்பாலும் வேண்டாத ஒன்று, ஆகவே பொருளில் நம் ‘போதாக்குறைக்கு’. “பஸு வ ஒகுரெரு ஷி, ஒமகெனி அமெ மதெ ஃபுத்தெ கித”: பஸ் வரத் தாமதம், போதாக்குறைக்கு மழையும் பிடித்துக்கொண்டது. நல்லதற்கும் சொல்வதுண்டு. எப்படியானாலும் பேச்சுச் சொல்; அலுவலக அறிக்கையிலும் கட்டுரையிலும் வேண்டாம்.

இனி, தவறு எங்கே விழுகிறது என்று பார்ப்போம்.

ஸொரெனி, ஷிகமொ, ஸொனொ உஎ, ஒமகெனி நான்கும் ஒரே திசையில் இழுக்கும் வண்டிகள். நல்லதோடு நல்லது, கெட்டதோடு கெட்டது. ‘மலிவு, ஸொனொ உஎ ருசியில்லை’ என்றால் கேட்பவர் தடுமாறுவார். அங்கே வேண்டியது ‘தெமொ’ (ஆனால்).

அடுத்தது, கட்டளையும் வேண்டுகோளும். ‘மருந்து சாப்பிடுங்கள், அதற்கு மேல் சீக்கிரம் தூங்குங்கள்’ என்பது தமிழிலேயே ஒட்டவில்லை. ஜப்பானியத்திலும் ஸொனொ உஎ, ஷிகமொ இரண்டும் ‘குதஸஇ’ (‘செய்யுங்கள்’ என்ற வேண்டுகோள்) வாக்கியத்துக்கு முன்னால் ஒட்டாது. “குஸுரி வொ நொன்தெ குதஸஇ. ஸொரெகர, ஹயகு நெதெ குதஸஇ” என்பதே சரி. பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கும்போதும் இந்த இரண்டையும் தவிர்க்க வேண்டும். பால், ஷிகமொ முட்டை என்று வராது.

மூன்றாவது தவறு தமிழரிடம் தனியாக வருவது. சேர்த்துச் சொல்லும்போது பின்பகுதியில் ‘மொ’ வேண்டும் என்பது ‘உம்’ தெரிந்த நமக்கு உடனே புரியும். ஆனால் நாம் ‘புத்தகத்தையும்’ என்று வேற்றுமை உருபின் மேலேயே ‘உம்’ போடுவோம். ஜப்பானியத்தில் க (எழுவாய்), வொ (நம் ‘ஐ’), வ (பேசுபொருள்) என்ற ஒட்டுகள் மூன்றும் ‘மொ’ வந்தால் விலகிக்கொள்ளும்: ‘ஹொன் வொ’ என்பது ‘ஹொன் மொ’ ஆகும். ‘வொ மொ’ என்ற வடிவம் உண்டு, அது இலக்கிய நடை. மற்றபடி நி, தெ, கர, தொ ஆகியவை நம்மைப் போலவே நின்று ‘மொ’வை ஏற்கும்: ‘எகி நி மொ’ என்பது ‘ஸ்டேஷனுக்கும்’.

எழுத்து நடைச் சொற்கள் சில. ‘ஸரனி’ என்பது படிப்படியாகக் கூட்டுவது. அறிக்கைகளில் ‘மேலும்’ என்று நாம் தொடங்கும் இடம். எண்ணுக்கு முன்னாலும் வரும்: ‘ஸரனி ஸன்னின்’, மேலும் மூன்று பேர். ஸொனொ உஎ-க்கு இல்லாத வசதி இதற்கு உண்டு, வேண்டுகோளோடு வரலாம். சமையல் குறிப்பில் ‘ஸரனி 5 நிமிடம் வேகவிடுங்கள்’ என்பது முற்றிலும் இயல்பு. ‘மத’ ஏற்றுவதில்லை, பக்கத்தில் வைக்கிறது: ஒரே தலைப்பின் கீழ் இன்னொரு தனிச் செய்தி. வாக்கியத் தொடக்கத்தில், பின்னால் காற்புள்ளியோடு வந்தால் இந்தப் பொருள். வினைக்கு முன்னால் ஒட்டி வந்தால் ‘மறுபடி’.

‘நஒ’ அறிவிப்புகளிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் நாம் ‘குறிப்பு:’ என்று போடும் இடத்தில் வரும். கூட்டத்தின் நாள், நேரம், இடம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, “நஒ, ச்சூஷஜோ வ அரிமஸென்”, வண்டி நிறுத்த இடம் இல்லை. முக்கியச் செய்தியை இதற்குப் பின்னால் வைக்கக் கூடாது. சொன்னதைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை என்றால் (அனுமதி இலவசம், ஆனால் மாணவருக்கு மட்டும்) ‘ததஷி’ வேண்டும். ‘ச்சினமினி’ நம் பத்திரிகைகளின் ‘கொசுறுச் செய்தி’: தெரியாவிட்டாலும் பாதகமில்லாத கூடுதல் தகவல். கேள்வியை மென்மையாக்கவும் உதவும்: “ச்சினமினி, ஒஇகுர தெஸு க?”, சும்மா தெரிந்துகொள்ள, விலை என்ன?

வேலைக்காகச் சட்ட ஆவணம் படிப்பவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அங்கே ‘ஒயொபி’யும் ‘நரபினி’யும் விருப்பம்போல் மாற்றிப் போடும் சொற்கள் அல்ல. ஒரே தட்டில் இருப்பவற்றைச் சேர்க்க ‘ஒயொபி’ மட்டும் வரும். இரண்டு தட்டுகள் இருந்தால் உள்தட்டுக்கு ‘ஒயொபி’, வெளித்தட்டுக்கு ‘நரபினி’. ‘அ ஒயொபி ஆ நரபினி இ’ என்றால் அ, ஆ இரண்டும் ஒரு கூட்டு, இ தனி. ஒப்பந்தத்தை மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ‘மற்றும்’ என்றே எழுதினால் அந்தக் கூட்டு காணாமல் போய்விடும். வாக்கியத்தை உடைத்தாவது அதைக் காட்டுங்கள்.