கிரீன் கார்டு குலுக்கலில் மகன் பெயர் வந்திருக்கிறதா? மார்த்தாண்டத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பொறியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகனுக்கு அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற உரிமை தரும் கிரீன் கார்டு குலுக்கலில் இடம் கிடைத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்திருப்பதையும், அது உண்மைதான் என்று மார்த்தாண்டத்து ஏஜென்ட் ஒருவர் உறுதிகூறி ‘ஃபைல் சார்ஜ்’ கேட்பதையும் எழுதியிருக்கிறீர்கள். நகையை அடகு வைக்க வேண்டாம். அந்த மின்னஞ்சல் பொய்யானது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த மோசடி தோற்றாலும் அடுத்த ஆண்டு வேறொரு நாட்டின் பெயரில் இன்னொன்று வரக்கூடும். அப்போது உங்கள் குடும்பமே அதைக் கண்டுகொள்ள முடிய வேண்டும்.

அப்படி ஒரு குலுக்கல் உண்மையிலேயே இருப்பதுதான் மோசடிக்காரர்களுக்கு வசதியாகிவிடுகிறது. அமெரிக்கா 1990ஆம் ஆண்டு இயற்றிய குடியேற்றச் சட்டத்தின்படி, தன் நாட்டுக்கு அதிகம் பேர் குடியேறாத நாடுகளில் பிறந்தவர்களுக்கென்று ஆண்டுக்கு அதிகபட்சம் 55,000 விசாக்களை ஒதுக்கி, கணினிக் குலுக்கல் மூலம் விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தை 1995 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் எந்த நாட்டிலிருந்து குடியேறினார்களோ அந்த நாட்டில் பிறந்தவர்கள் இதில் சேர முடியாது என்பது சட்டத்திலேயே உள்ள விதி; அந்த வரம்பை வெகுவாகத் தாண்டிவிட்ட இந்தியா விலக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இங்கே கணக்கில் எடுக்கப்படுவது பிறந்த நாடு மட்டுமே. குடியுரிமையோ இப்போது வசிக்கும் இடமோ அல்ல. கணவன் அல்லது மனைவி பிறந்த நாட்டை வைத்தும், சில நிலைகளில் பெற்றோர் பிறந்த நாட்டை வைத்தும் விண்ணப்பிக்கச் சலுகை உண்டு என்றாலும், நீங்களும் உங்கள் கணவரும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மகனுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்பதால், அந்தச் சலுகை அவருக்குப் பொருந்தாது. ஆகவே அவர் பெயர் அந்தக் குலுக்கலில் வருவதற்கு வழியே இல்லை.

தகுதியுள்ள நாட்டில் பிறந்தவருக்குக்கூட, ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பணம் அனுப்புங்கள்’ என்று அமெரிக்க அரசு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புவதில்லை. விண்ணப்பித்தபோது கிடைத்த உறுதிப்பாட்டு எண்ணைக் கொண்டு, அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் அவரேதான் முடிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தளத்தின் முகவரி ‘டாட் கவ்’ (.gov) என்று முடியும்; ‘டாட் காம்’, ‘டாட் ஆர்க்’ என்று முடிபவை எத்தனை கழுகு முத்திரைகளைத் தாங்கியிருந்தாலும் அரசுத் தளங்கள் அல்ல. பல ஆண்டுகள் இலவசமாக இருந்த விண்ணப்பத்துக்கு 2025இல் கொண்டுவரப்பட்ட விதி 1 டாலர் பதிவுக் கட்டணம் நிர்ணயித்தது. விசாக் கட்டணம் நேர்காணலின்போது தூதரக அலுவலகத்தில்தான் செலுத்தப்படுகிறது. தனிநபர் கணக்குக்கோ யூபிஐ எண்ணுக்கோ முன்பணம் கேட்கப்படும் கட்டம் இந்த நடைமுறையில் எங்குமே இல்லை.

இதையெல்லாம் நீங்கள் எடுத்துச் சொன்னால், ‘பிறந்த நாட்டை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்’ என்று அந்த ஏஜென்ட் கூறக்கூடும். எனக்கு மிகுந்த அச்சம் தருவது அந்த யோசனைதான். விசா பெறுவதற்காகப் பொய்த் தகவல் தந்தவர் என்று அமெரிக்கா ஒருவரை முடிவு செய்துவிட்டால், அவர் அந்நாட்டுக்குள் நுழைய ஆயுட்காலத் தடை விழலாம். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட் என்ற வாதம் அங்கே எடுபடாது. உயர்கல்விக்காக நேர்மையான வழியில் பின்னாளில் செல்லக்கூடிய ஒரு மாணவர், இருபத்தொரு வயதில் பிறர் எழுதிய ஒரு பொய்யால் அந்த வாய்ப்பை இழந்துவிடக் கூடாது.

நம் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் பிறந்தவர்கள் இத்திட்டத்தில் சேரத் தகுதி பெற்றிருந்திருக்கிறார்கள். திட்டம் நடைபெறுகிறதா, எந்த நாடுகளுக்கு அனுமதி என்பதை அந்தந்த ஆண்டின் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தைத் தாமே நிரப்பி, உறுதிப்பாட்டு எண்ணைத் தம்மிடமே வைத்துக்கொள்வது மிக அவசியம். அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இடைத்தரகர், பெயர் தேர்வானால் பேரம் பேசத் தொடங்கிவிடுவார்.

உங்கள் மகன் முறையாகப் பங்கேற்கக்கூடிய குலுக்கல்கள் வேறு இருக்கின்றன. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியப் பட்டதாரிகளுக்கு, இரண்டு ஆண்டுகள் வரை தங்கிப் பணியாற்ற வகைசெய்யும் இளம் வல்லுநர் திட்டம் ஒன்றை பிரிட்டன் 2023இல் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 3,000 இடங்கள் கொண்ட அந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. தேர்வானவர்தான் விசாக் கட்டணம் செலுத்தி, 2,530 பவுண்டு சேமிப்பும் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் இதே வயதினருக்கென 2024இல் ஓராண்டுப் பணி-விடுமுறை விசாவுக்கான குலுக்கலை 1,000 இடங்களுடனும் 25 ஆஸ்திரேலிய டாலர் பதிவுக் கட்டணத்துடனும் நடத்தியது. பிரிட்டன் முடிவை மின்னஞ்சலில் தெரிவிக்கிறது என்பதால், மின்னஞ்சல் வந்ததை மட்டும் வைத்து எதையும் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. ஆனால் அது அரசுத் தளத்தில் தானே பெயர் கொடுத்தவருக்கு மட்டுமே வரும். அமெரிக்காவின் எச்-1பி என்ற வேலை விசாவிலும் குலுக்கல் உண்டென்று கல்லூரியில் பேசிக்கொள்வார்கள். அதில் பதிவு செய்வது வேலை தரும் நிறுவனம். மாணவர் தாமாகப் பதிந்துகொள்ள முடியாது.

ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் பணம் கொடுத்துக் கல்ஃப் விசா வாங்கும் வழக்கம் குளச்சல் முதல் குலசேகரம் வரை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பல குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கையையே ஆவணச் சோதனைக்கு மாற்றாக எடுத்துக்கொள்வதால்தான், அறிமுகமானவர் ஒருவர் ‘இது உண்மைதான்’ என்றதும் நாம் நம்பிவிடுகிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்கு ரசீதும் தர வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஜிஎஸ்டி சான்றிதழ் அந்தப் பதிவு ஆகாது. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த உங்கள் மகனின் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாது. அதனால் ஒப்பந்தத்தை ஆராயும் அரசு அதிகாரி ஒருவர் இடையில் வர மாட்டார், அந்த ஆய்வும் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளை மகன் தொடர்ந்து பார்த்து வரட்டும்.

இதற்குள் ஏதேனும் தொகை அனுப்பியிருந்தால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணம் வேறு கணக்குக்குப் போகும் முன் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பிறகு வங்கிக்கும், மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிட வேண்டாம், அவைதான் சான்று. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால், அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். பாஸ்போர்ட், ஆதார் நகல்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால் புகாரில் அதையும் குறிப்பிடுங்கள். அசல் பாஸ்போர்ட் அந்த ஏஜென்ட்டிடம் இருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள், தர மறுத்தால் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

மகனிடம் கோபப்பட வேண்டாம். நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு அவரை மதிப்பெண் பட்டியல்களுடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த நாட்டில், எந்த வேலைக்கு, எந்தத் தகுதியோடு போக விரும்புகிறார் என்பதை அவரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.