பழைய பத்திரத்தில் ‘டிமைஸ்’ என்றால் மரணம் அல்ல

கேள்வி: சென்னையில் உள்ள வீட்டுக்கு எங்கள் தாத்தா பெயரில் 1931-ஆம் ஆண்டு ஆங்கிலப் பத்திரம் இருக்கிறது. ‘டிமைஸ்’, ‘மெஸ்விஜ்’, ‘மோயிட்டி’, ‘வித்தவுட் லெட்’ என்றெல்லாம் வருகிறது. சொத்து முழுக்க எங்களுக்கே சொந்தமாம். பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு இந்தப் பழைய வார்த்தைகளை மாற்றிவிட்டால் விற்றுவிடலாமாம். தரகர் இப்படிச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு சொற்களில் இரண்டு, அவர் சொல்வதற்கு நேர் எதிராக நிற்கின்றன.

முதலில் ‘டிமைஸ்’. இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு மரணம் என்று பொருள். பழைய பத்திர ஆங்கிலத்தில் குத்தகைக்கு விடுவது என்று பொருள். ‘தாத்தா காலமான பிறகு சொத்து உங்களுக்கு என்று எழுதியிருக்கிறது’ என்று தரகர்கள் வாசித்துக் காட்டுவது இந்தச் சொல்லை வைத்துத்தான். ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒரே பத்திரத்தில் இந்தச் சொல் இரண்டு பொருளிலும் வரலாம். எழுதிக்கொடுப்பவர் செய்யும் செயலாக வந்து, பின்னால் நிலமோ கட்டடமோ சொல்லப்பட்டால் அது குத்தகை. ‘டிமைஸ்டு பிரிமைசஸ்’ என்றால் குத்தகைக்கு விட்ட இடம். ‘அப்பான் தி டிமைஸ் ஆஃப்’ என்று தொடங்கி ஓர் ஆளைக் குறித்தால் மட்டுமே மரணம். அதாவது, சொல்லைப் பார்க்காதீர்கள். அதை அடுத்து வருவது ஆளா, இடமா என்று பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ‘ஈல்டிங் அண்ட் பேயிங்’ என்ற தொடரைத் தேடுங்கள். வாடகை எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்பது அதன் பின்னால் இருக்கும். தொகை ரூபாய், அணா, பை என்று வரும். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். கடைசிப் பக்கங்களில் ‘ஈல்ட் அப்’ என்று வந்தால், காலம் முடிந்ததும் இடத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று பொருள். 1931-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2030-இல் முடிகிறது. அப்படியானால் நீங்கள் விற்கக் கிளம்புவது மிச்சமிருக்கும் சில ஆண்டுகளை மட்டும்தான்.

அடுத்தது ‘மோயிட்டி’. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பத்திரத்தில் சரிபாதி என்று பொருள். ‘அன்டிவைடட் மோயிட்டி’ என்றால் பிரிபடாத அரைப் பாகம். சொத்து 2 கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி என்றால் உங்கள் பங்கு 2,400. பாகப்பிரிவினை ஆகும்வரை அது கிழக்குப் பாதியா மேற்குப் பாதியா என்று யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது. மற்ற பாதிக்காரர் யார் என்று தரகர் ஒரு வார்த்தை சொன்னாரா?

‘மெஸ்விஜ்’ பற்றிக் கவலை வேண்டாம். வீடு, அதை ஒட்டிய கொட்டகை, முற்றம், கொல்லை எல்லாம் சேர்ந்தது அது.

‘வித்தவுட் லெட்’ என்பதை ‘வாடகைக்கு விடக் கூடாது’ என்று மொழிபெயர்த்த தாள்கள் பல குடும்பங்களில் சண்டை மூட்டியிருக்கின்றன. இந்த ‘லெட்’ வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் தடை என்று பொருள். உங்கள் இந்திய பாஸ்போர்ட்டைத் திறந்து குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வாசகத்தைப் படியுங்கள். ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று அங்கேயும் இருக்கிறது: எந்தத் தடையும் இடையூறும் இல்லாமல். பத்திரத்தில் அது, இடத்தை அனுபவிப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்ற உறுதி.

இனி அந்தப் பிழைத்திருத்தல் பத்திரம். எழுத்துப் பிழை, சர்வே எண் பிழை, நான்கெல்லைப் பிழை போன்றவற்றைத் திருத்தத்தான் அது. பழைய சொல் பிழை ஆகாது. குத்தகையை விற்பனை ஆக்கவும், பாதியை முழுசாக்கவும் அதனால் முடியாது. மூலப் பத்திரத்தின் இரு தரப்பும், இல்லையென்றால் அவர்களுடைய வாரிசுகளும், கையெழுத்துப் போட வேண்டும். 1931-இல் எழுதிக்கொடுத்தவரின் வாரிசுகளைத் தேடாமலே ‘முடித்துத் தருகிறேன்’ என்பவர், போலி ஆளை நிறுத்தத் தயாராக இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளை வழக்கு வந்தால் கூண்டில் நிற்கப்போவது கையெழுத்துப் போட்ட நீங்கள்.

மூலப்பத்திரத்தையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். அதன் பின்பக்க முத்திரையில் பத்திர எண், ஆண்டு, புத்தகம், வால்யூம், பக்க எண்கள் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு நீங்களே மனுப் போடுங்கள். நிலம், வீடு போன்ற சொத்துப் பத்திரங்களைப் பதியும், 1 என்று எண்ணிட்ட புத்தகத்தில் பதிவானதற்கு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. அலுவலகங்கள் பிரிந்து பிரிந்து எல்லை மாறியிருப்பதால் ஓரிரு இடங்களுக்கு அலைய விடுவார்கள். நகலைக் கொடுப்பவர்கள் அதில் எழுதியிருப்பதற்குப் பொருள் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் புரியாத மொழியில் எழுதி, அதையே இன்றைய பத்திரங்களிலும் அப்படியே நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் வரை தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

நகல் கைக்கு வந்ததும் சொத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் கொண்டு போங்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு வேண்டாம். குத்தகையா விற்பனையா, எத்தனை ஆண்டு, எவ்வளவு பாகம், மற்றப் பாகம் யாருடையது என்ற நான்குக்கும், எந்தப் பக்கம் எந்த வரி என்று குறித்து, கையெழுத்துப் போட்ட கருத்துரையாகக் கேட்டு வாங்குங்கள்.