47 எபிசோடு தள்ளி

அன்புள்ள ஐயா,

வணக்கம். இந்த ஜனவரியில் ஒரு சின்ன நோட்டு போட்டேன். பார்த்து முடிக்கிற ஒவ்வொரு சீரிஸின் பெயரையும் தேதியோடு அதில் எழுதி வைத்தேன். நேற்று எண்ணிப் பார்த்தால் 34 இருக்கிறது. மலைப்பாக இருந்தது. அதைவிட மலைப்பு, அதில் பாதிக்கு மேல் என்ன கதை என்றே ஞாபகம் இல்லை. சிலவற்றில் கொலைகாரன் யார் என்பதுகூட மறந்துவிட்டது. ராத்திரி வேலை முடிந்து உட்கார்ந்தால் நாலைந்து எபிசோடு ஓடிவிடும். நேரம் போதாமல் சிலதை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடத்தையே வீணடித்துவிட்டேனோ என்று இருக்கிறது. எனக்கு ஞாபக சக்தி குறைந்துவிட்டதா, இல்லை சீரிஸ் என்றாலே இவ்வளவுதானா? பேசாமல் எல்லாச் சந்தாவையும் நிறுத்திவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடட்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஞாபக சக்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தைப் படித்ததும் எனக்குப் போன வருடம் காய்ச்சலில் படுத்திருந்த நாலு நாள்தான் நினைவுக்கு வந்தது. அந்த நாலு நாளில் ஒரு சீரிஸின் மூன்று சீசனையும் பார்த்து முடித்தேன். பார்த்தபோது நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். இன்று அதன் நாயகி பெயர்கூட நினைவில்லை. அவள் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்த ஒரு பச்சைக் கடிகாரம் மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. அது எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. முப்பது மணி நேரம் சில மனிதர்களோடு இருந்திருக்கிறேன், கையில் மிஞ்சியது ஒரு கடிகாரம்.

அதனால் இந்த வருடம் ஒரு முடிவு எடுத்தேன். நீளமான சீரிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு எபிசோடு, அதற்கு மேல் கிடையாது. ஜனவரி முதல் வாரம் 'தி வயர்' தொடங்கினேன். பலரும் பல வருடமாகச் சொல்லி, நான் தள்ளிப்போட்டு வந்தது. 2002 முதல் 2008 வரை எச்பிஓ என்ற அமெரிக்கச் சேனலில் வந்தது, 5 சீசன், 60 எபிசோடு. உருவாக்கிய டேவிட் சைமன் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் செய்தியாளராக இருந்தவர். அவரோடு எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தில் கொலை வழக்குகளை விசாரித்த போலீஸ்காரர், அப்புறம் பள்ளி ஆசிரியர். முதல் சீசனில் போதைப்பொருள் விற்கும் தெருவும் போலீசும், அடுத்து துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், கடைசியில் பத்திரிகை அலுவலகம் என்று சீசனுக்கு ஒரு பக்கமாக அந்த நகரம் விரிந்துகொண்டே போகும்.

இனி நான் சொல்லப்போவதில் கதை தெரிந்துவிடும். இன்னும் பார்க்காதவர் என்றால் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

மூன்றாவது எபிசோடில் ஒரு காட்சி. தெருவில் போதைப்பொருள் விற்கும் இரண்டு பையன்கள், போடியும் வாலஸும், சதுரங்கப் பலகையை வைத்துக்கொண்டு அந்தக் காய்களாலேயே செக்கர்ஸ் என்ற வேறொரு எளிய ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை மேய்க்கிற டிஏஞ்சலோ பார்த்துவிட்டு, இது அந்த ஆட்டத்துக்கான காய் இல்லையடா என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறான். ராஜா யார், ராணி என்ன செய்யும், கோட்டை எதற்கு என்று அவர்கள் தொழிலையே உதாரணமாக வைத்து விளக்குகிறான். போடிக்குக் கண் சிப்பாய் மேலேயே இருக்கிறது. இது கடைசிக் கட்டம் வரை போனால் ராஜா ஆகிவிடுமா என்று கேட்கிறான். ஆகாது, ராஜா ராஜாவாகவேதான் இருப்பான், சிப்பாய்கள் சீக்கிரம் விழுந்துவிடும் என்கிறான் டிஏஞ்சலோ. கெட்டிக்காரச் சிப்பாயாக இருந்தால் விழாது என்று போடி விடாமல் வாதாடுகிறான். அவ்வளவுதான், காட்சி முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறார்களே என்று நினைத்தேன், பிறகு மறந்துவிட்டேன்.

நிஜமாகவே மறந்துவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ நடந்துவிட்டது. முதல் சீசன் முடிவதற்குள் வாலஸ் செத்துப்போகிறான். அவனைச் சுட்டவர்களில் ஒருவன் போடியேதான். இரண்டாவது சீசனில் சிறைக்குள் டிஏஞ்சலோ கொல்லப்படுகிறான். அந்தப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூவரில் போடி மட்டும் தெருமுனையில் வளர்ந்துகொண்டே வருகிறான். நாலாவது சீசனின் கடைசி எபிசோடில் ஒரு தோட்டத்தில் போலீஸ்காரர் மக்நல்டியோடு உட்கார்ந்து பேசும்போது, நாங்களெல்லாம் சதுரங்கப் பலகையில் வருகிற அந்தச் சின்னக் காய்கள் மாதிரி என்கிறான். சிப்பாய்கள் என்று மக்நல்டி எடுத்துக் கொடுக்கிறார். அன்று இரவே போடி தன் தெருமுனையில் சுடப்பட்டுச் சாகிறான்.

மூன்றாவது எபிசோடிலிருந்து 47 எபிசோடு தள்ளி வருகிறது இது. முதலில் ஒளிபரப்பானபோது பார்த்தவர்களுக்கு அது 2002 ஜூனிலிருந்து 2006 டிசம்பர் வரை, நாலரை வருடம். எனக்கு ஐந்தரை மாதம். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் பழைய காட்சி தானாக எழுந்து வந்தது. வாலஸின் முகம், காயைக் கையில் பிடித்துக் காட்டிய டிஏஞ்சலோவின் விரல், எல்லாம். போடி சொன்னது என் வாழ்க்கையிலேயே யாரோ பழைய ஆள் சொன்ன மாதிரி இருந்தது. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்திருந்தால் இதை நான் ஒரு கெட்டிக்காரத்தனமான எழுத்து உத்தியாகக் கவனித்திருப்பேன். ரசித்திருப்பேன். ஆனால் மறக்காத ஒன்று எப்படித் திரும்ப நினைவுக்கு வரும்?

நீங்கள் மறந்ததைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு என்ன படுகிறது என்றால், நீளமான சீரிஸை எழுதுகிறவர்கள் நம் மறதியை நம்பித்தான் எழுதுகிறார்கள். சினிமாவுக்கு அந்த வசதி இல்லை, இரண்டரை மணி நேரத்தில் யாரும் எதையும் மறப்பதில்லை. நாவலில் உண்டு, பெரிய நாவல் படித்தவருக்குத் தெரியும். சீரிஸில் இருந்த அந்த இடைவெளியை நாமே எடுத்துவிட்டோம். 2013 பிப்ரவரி 1 அன்று நெட்பிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனின் 13 எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்டது. அதன் பிறகு அப்படிப் பார்ப்பது பெரிய வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தை மெதுவாகப் பார்க்கவும் பயன்படுத்தலாம் என்பது எனக்கு இந்த வருடம்தான் உறைத்தது.

எல்லாச் சீரிஸுக்கும் இது பொருந்தாது. அணு உலை விபத்தைப் பற்றிய 'செர்னோபில்' ஐந்தே எபிசோடு, அதை இரண்டு ராத்திரியில் பார்த்தேன், அதுதான் சரி. அது ஒரே மூச்சில் சொல்லப்பட்ட விஷயம். அப்புறம், உங்கள் 34-ல் எத்தனையோ இரண்டு மணி நேரப் படமாக வரவேண்டிய கதையை எட்டு எபிசோடாக இழுத்தவையாக இருக்கும். நாலாவது, ஐந்தாவது எபிசோடில் ஒன்றுமே நடக்காது, ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி இருக்கும். கொக்கிக்குத் தெரிந்தது அடுத்து என்ன என்ற ஒரே கேள்விதான். பதில் கிடைத்ததும் அதற்கு நம்மிடம் வேலை இல்லை. கொலைகாரன் பெயர் மறந்துபோனதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

ஒன்றரை மடங்கு வேகத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 2025-ல் வந்த 'அடோலசென்ஸ்' நாலு எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. மூன்றாவது எபிசோடில் பெரும்பகுதி ஓர் அறை, ஒரு மேசை, எதிரெதிரே கொலைக்குற்றம் சாட்டப்பட்ட 13 வயதுப் பையனும் உளவியலாளரும். பையனை இழுத்துக்கொண்டு போன பிறகு அவர் தனியாக இருக்கிறார். மேசையில் அவன் கடித்து வைத்த சாண்ட்விச். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அதுவரை பேசிய அத்தனையின் பாரமும் இறங்குகிறது. அதை ஓட்டிவிட்டால் அப்புறம் அந்த எபிசோடில் பார்க்க என்ன இருக்கிறது? அது முடிந்ததும் திரையின் மூலையில் அடுத்த எபிசோடுக்கான நொடிகள் குறையத் தொடங்கின. ரிமோட்டைத் தேடி எடுத்து நிறுத்தினேன். மறுநாளே தானாக ஓடும் அந்த வசதியை அமைப்பில் போய் அணைத்துவிட்டேன். இப்போது ஒரு எபிசோடு முடிந்தால் பெயர்கள் கடைசி வரை ஓடும், இசை முடியும், வீடு அமைதியாகும். அந்த ஐந்து நிமிடத்தில் பார்த்ததைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்கிறோம். பல வருடமாக இல்லாத பழக்கம்.

இன்னொரு விஷயம். தொடர்கதைகளுக்கு மேலே முன்கதைச் சுருக்கம் போடுவார்களே, சீரிஸ் தொடக்கத்திலும் அது வரும். அதைத் தாண்டிவிடுங்கள். ஒரு சீசனாகக் கண்ணில் படாத ஆளை அதில் காட்டினால் இன்று அவர் வரப்போகிறார் என்று அர்த்தம். நீங்களாக நினைவுகூர வேண்டியதை அது முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. மெதுவாகப் பார்க்கும்போது சிலசமயம் இவர் யார் என்று குழம்பும். குழம்பட்டும், பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

புத்தகத்துக்குத் தாராளமாகத் திரும்புங்கள், ஆனால் சீரிஸின் மேல் கோபித்துக்கொண்டு வேண்டாம். 34-ஐப் பார்த்த அதே வேகத்தில் 34 நாவல்களைப் படித்தாலும் அடுத்த டிசம்பரில் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி தொலைக்காட்சிக்காக எடுத்த 'டெக்கலாக்', 1980-களின் கடைசியில் வந்தது. மொத்தம் பத்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒவ்வொன்றும் தனிக்கதை. எல்லாரும் வார்சாவில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். ஒரு கதையின் நாயகர் இன்னொரு கதையில் சும்மா கடந்து போவார். ஆகஸ்டிலிருந்து வாரம் ஒன்றாகப் பார்த்தேன். இந்த வருடம் நான் பார்த்ததில் மனதுக்கு ஆக நெருக்கமானது அதுதான். இரண்டாவது படத்தில் பார்த்த ஒன்று எட்டாவதில் கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். என்ன என்று சொல்ல மாட்டேன். இணையத்திலும் தேடாதீர்கள். இந்த ஞாயிறு முதல் படத்தைப் போடுங்கள், வாரம் ஒன்றுதான், நோட்டில் தேதியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எட்டாவது பார்த்த ராத்திரி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்